கை தூக்கினால் வரும் சாமி

அக்கா உட்கார்ந்தேதான் தூங்குவாள். லயத்து வீட்டின் நடுக்கம்பத்தில் முதுகைச் சாய்த்து, பழந்துணி திணித்த கோணிச் சாக்கைப் பிடரிக்குக் கொடுத்து, கால்களை நீட்டி, முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்தப் பக்கம் போனால், யாரையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். கிட்டே போனால்தான் கண் மூடியிருப்பது தெரியும். மூச்சு மட்டும், கொதிக்கப்போகிற கெண்டியைப் போலச் சன்னமாக விசிலடித்துக்கொண்டிருக்கும்.

"ஏன் அக்கா, செத்த நேரம் படுத்தாத்தான் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். உடம்பைப் பற்றி விசாரித்தாலே அவளுக்குக் கூச்சம் வந்துவிடும்.

"படுத்தா யாரோ வந்து நெஞ்சுல ஏறி உக்காந்துக்குறாங்க டிரசரம்மா. நான் உக்காந்துட்டா அவங்களுக்கு உக்கார எடமில்லாம போயிருது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பும் விசிலடித்தது.

நான் டிரசரம்மா ஆனது என் கணவரால். ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தின் சின்ன ஆஸ்பத்திரியில் அவர் டிரசர். ரப்பரை அங்கே கித்தா என்பார்கள். காய்ச்சலுக்கு மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். அதற்கு மேல் போனால் ஈப்போவிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற வெள்ளைக்கார டாக்டருக்காகக் காத்திருப்பார். நான் ஈப்போவில் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவள். கொஞ்சம் இங்கிலீஷ், நிறைய ஜெபம், அதைவிட நிறைய வாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்தேன். முதல் நாள் காலையில் கதவைத் திறந்தபோது, ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் பனிக்கு மேலே அடியில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. ஈயச் சுரங்கத்து இயந்திரம் எங்கோ தொலைவில் முனகிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் எதுவுமே தரையில் கால் பாவி நிற்கவில்லை என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நாட்கள் எனக்கு அப்படித்தான் ஞாபகம் வருகின்றன.

தோட்டத்துப் பெண்களெல்லாம் அக்கா என்று கூப்பிடுகிற அவளை முதலில் பார்த்தது என் அடுப்படி வாசலில். வந்தாள், நின்றாள், மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு என் கோழியைப் பற்றி. பிறகு மறுபடியும் மழைக்கு வந்தாள். ஒரு பெண் இவ்வளவு நேரம் என் வாசலில் நிற்கிறாளே, உளவு பார்க்க வந்திருப்பாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் எனக்கே பொறுக்காமல், "என்ன அக்கா, எதாச்சும் வேணுமா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"சீனியா?"

"ம்ஹூம்."

"உப்பா?"

"இருந்தா..." என்று புடவைத் தலைப்பைத் திருகினாள்.

அவள் அப்படித்தான். தனக்கென்று ஒரு சிட்டிகை உப்பைக்கூட வாய்விட்டுக் கேட்கத் தெரியாது. புருஷன் செத்துப் பல வருஷம். பிள்ளை குட்டி இல்லை. வேலை பிரித்துக் கொடுக்கிற கங்காணி வருஷா வருஷம் அவளுக்கு மேட்டு நிரையைத்தான் கொடுப்பார். தோட்டத்திலேயே தூரமான, ஏற்றமான மரவரிசை அது. "கேட்டு மாத்திக்கிறதுதானே?" என்று நான் எரிந்து விழுந்தால், "கேக்குறதுன்னா ஒடம்பெல்லாம் கூசுது டிரசரம்மா" என்பாள். எனக்கோ கேட்காமலிருந்தால்தான் உடம்பு கூசும். அதனால்தானோ என்னவோ அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் அவள் வேறு ஆளாகிவிடுவாள்.

ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. நான் வேதக்காரி. அங்கே போகக்கூடாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கோழியைத் தேடுகிற பாவனையில் முழுத் திருவிழாவையும் பார்ப்பேன். தப்பு அடிக்கும், சாம்பிராணிப் புகை கித்தா மரங்களுக்குள் நுழைந்து அலையும். அக்கா கோயிலுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவாள். கொஞ்ச நேரந்தான். கழுத்து நரம்புகள் புடைக்கும். முகம் சிவந்து, சிவப்பு கறுத்து, கண்கள் பிதுங்கும். மூச்சு தப்புச் சத்தத்தையும் மீறிச் சீறும். "ஆத்தா எறங்கிட்டா!" என்று பெண்கள் குலவையிடுவார்கள்.

உப்பு கேட்கத் தெரியாத அந்த வாய் அப்போது திறக்கும். "டேய் கங்காணி!"

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கும்போது "ஏ புள்ளே" என்று அவளை விரட்டுகிற கங்காணி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சொல்லு தாயே" என்று குனிந்து நிற்பார்.

"நெறமாசக்காரி தோள்ல காண்டா வாளி ஏத்துறியேடா, ஒன் கண்ணு அவிஞ்சு போச்சா?"

காண்டா வாளி என்றால் தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் கித்தாப் பால் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டுச் சுமப்பது. அந்த ஆடிக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் எந்த நிறைமாதக்காரியும் அதைச் சுமக்கவில்லை. துரையிடம் மனுக் கொடுத்து நடக்காததும், ஆபீஸ் கிராணியிடம் அழுது நடக்காததும் அக்கா கையைத் தூக்கினால் நடந்தது. ஆகவே ஆடி நெருங்கும்போதே, மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளைக் கழுவுகிற இடத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். "ஆத்தா காதுல இதையும் போட்டு வையி அக்கா" என்பார்கள். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

நான் சொல்லப்போகிற வருஷம் அவள் தலையாட்டியது பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணுக்காக. தலைச்சன் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்தாள். பிள்ளை ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் கிடக்கும். இவளுக்குத் தூரத்து நிரை. கித்தாப் பால் சேர்த்து, அளந்து கொடுத்துவிட்டுத்தான் திரும்ப முடியும். அதற்குள் ரவிக்கை நனைந்து, பிள்ளை அழுது ஓய்ந்துபோயிருக்கும். பச்சை உடம்புக்காரிகளுக்கெல்லாம் கொட்டகைக்குக் கிட்டத்து நிரையைக் கொடுத்தால் இடையில் ஓடிவந்து பாலூட்டிவிட்டுப் போகலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் கிட்டத்து நிரைகளெல்லாம் கங்காணியின் சொந்தக்காரர்களிடம் இருந்தன. இதைக் கேட்க ஆத்தாளால்தான் முடியும்.

ஆடிக்கு முன்பே அக்கா விழுந்துவிட்டாள்.

மேட்டு நிரையிலிருந்து வாளியோடு இறங்கும்போது மயங்கிச் சரிந்திருக்கிறாள். நான்கு பேர் தூக்கி வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். எங்கள் கண் முன்னாலேயே உதடு நீலம் பாய்ந்தது. "உக்கார வையுங்க, அவங்க படுக்க மாட்டாங்க!" என்று நான் கத்திய கத்தலில்தான் நிமிர்த்தினார்கள். என் கணவர் இழுப்பு மிக்சரை எடுத்து வந்தார். ஒரு வருஷமாக அவளுக்கு அதைத்தான் கொடுத்து வந்தார். அவளும் அது கேட்கவில்லை என்று சொல்லக் கூசிக்கொண்டு குடித்து வந்தாள். நல்ல வேளையாக அது டாக்டர் வருகிற நாள்.

டாக்டர் ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷர். மருந்தை வாங்கி ஓரமாக வைத்தார். அவள் நெஞ்சின் நடுவெலும்புமேல் விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். காற்று இருக்கவேண்டிய இடத்தில் சத்தம் மொத்தையாக வந்தது. பிறகு தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவள் விழுங்கியபோது தொண்டைக் குழியில் ஏதோ ஒன்று மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டது. நானே பார்த்தேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அங்காட் தாங்ஙான்" என்றார் மலாயில். கையைத் தூக்கு என்று அர்த்தம்.

அக்கா என்னைப் பார்த்தாள். தூக்கினாள்.

முகம் சிவந்தது. கழுத்து புடைத்தது. மூச்சு சீறியது. ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த பெண்கள், "ஆத்தா!" என்று ஒரே குரலில் அலறிக் குலவையிட்டார்கள். இரண்டு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி கற்பூரம் எடுக்க ஓடினாள். டாக்டர் எழுந்து, நோயாளியைப் பார்ப்பதா ஜன்னலைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தார். "இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னைக் கேட்டார். அவர் தேடிய நோய்க்குறி அதுதானாம். சிரிப்பு ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாக நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கையை இறக்கச் சொல்லுங்கள், சீக்கிரம்" என்றார். அக்கா இறக்கினாள். வெளியே எல்லாரும் வாக்குக்காகக் காத்திருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கழலை என்றார் டாக்டர். கழுத்துச் சுரப்பி வீங்கி, சிலருக்கு வெளியே தொங்குமே, அதே கழலை. இவளுக்கு மட்டும் அது நெஞ்செலும்புக்குப் பின்னால், உள்ளே இறங்கி வளர்ந்திருக்கிறது. படுத்தால் மூச்சுக்குழாயை நெரிக்கும். கையைத் தூக்கினால் ரத்தம் தலையிலிருந்து இறங்க வழியில்லாமல் முகத்தில் தேங்கும். மூச்சுக்குழாய் எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். அறுத்து எடுக்கவேண்டும். ஈப்போவில் அதற்கு ஆள் இருக்கிறார். அறுக்கும்போது குரல் போனாலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொன்றாக நான் தமிழில் சொன்னேன். இதைப்போல் கஷ்டமான மொழிபெயர்ப்பு நான் செய்ததில்லை.

அக்கா கடைசியில் ஒன்றே ஒன்று விசாரித்தாள். "அத எடுத்துட்டா, கை தூக்குனா ஒண்ணும் வராதா?"

"வராது அக்கா."

"அப்ப ஆடி முடியட்டும்."

அவளை வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆடிவரை தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "பச்சப்புள்ள விசயம் டிரசரம்மா. வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள். கோபத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "இத்தன வருசமா பேசுனது சாமியா, நீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பத்தில் சாய்ந்தபடி நிதானமாக யோசித்தாள். இலையுதிர்ந்து தளிர்த்திருந்த கித்தா மரங்கள் வழியாக வெயில் பச்சையாக அவள் காலடியில் விழுந்துகொண்டிருந்தது.

"தெரியலயே. கை தூக்குனா காது அடைக்கும். கண்ணு இருட்டும். அந்த இருட்டுக்குள்ள வாய்க்குப் பயம் விட்டுப்போயிரும். அதுக்கப்புறம் வர்றது யாரு வார்த்தைன்னு நான் கண்டேனா?"

அவள் மனத்தை மாற்றியது நானில்லை. அந்தச் சின்னப் பெண். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். "வருசத்துக்கு ஒரு நாளு வர்ற சாமிக்காக நீங்க போயிட்டா, மத்த நாளு நாங்க யாருகிட்ட போறது அக்கா?" என்று சொல்லி அழுதாள். பிள்ளையும் சேர்ந்து அழுதது. அக்கா இருவரையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "ரயிலு எப்ப?" என்றாள்.

ஈப்போ ஆஸ்பத்திரி அறையில் பெரிய ஜன்னல். காலை வெளிச்சத்தில் வெள்ளை மலை ஒன்று ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு அடைத்துவிடுமாம். ஆகவே கழுத்தில் மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு, பாதி உட்கார்த்தி வைத்து அறுக்கப்போவதாகச் சொன்னார்கள். குரல் நரம்பு சுரப்பிக்குப் பின்னாலேயே ஓடுகிறது. அதில் கத்தி படாமலிருக்க அவள் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கவேண்டும். குரல் மாறினால் அறுக்கிற டாக்டர் நிறுத்திக்கொள்வார். அவளைப் பேசவைக்கிற வேலை எனக்கு. வாயை மூடிய துணியோடு அவள் தலைமாட்டில் நின்றேன். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் என் வாய்க்கு ஒரு வேலை கிடைத்ததே என்று அந்த நேரத்திலும் ஒரு சின்னக் கர்வம்.

ஆனால் அவள் பேசினால்தானே!

"பேசுங்க அக்கா."

"என்னத்த பேச?"

"எதையாச்சும்."

மெதுவாகத் தொடங்கினாள். கப்பலில் வந்ததைச் சொன்னாள். கடலுக்குள் ஒரு பறவை கூடவே வந்ததாம், அது எங்கே தூங்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தாளாம். போட்டிருந்த ஊசியிலோ என்னவோ, வார்த்தைகள் மிதந்து மிதந்து வந்தன. பறவையிலிருந்து தோட்டத்துக்கு வந்தாள். மங்கு கழுவுகிற இடத்துக்கு வந்தாள். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்கு ரத்தம் நிற்கவில்லை, யார் பிள்ளை பாலில்லாமல் அழுகிறது என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே போனாள். முகத்தில் சிவப்பில்லை, சீற்றமில்லை. ஆத்தா குரலில் கேட்டதையெல்லாம் தன் சன்னக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே கட்டியிருந்த திரைத்துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் விரல் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியது.

"யாரோ உள்ள பூந்து கதவத் தள்றாங்க டிரசரம்மா..."

குரல் இரண்டாகப் பிளந்தது. பிறகு நின்றுவிட்டது. டாக்டரின் கையும் நின்றது. "பேசச் சொல்லுங்கள்" என்றார். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, பேசுங்க. ஒண்ணும் தோணலன்னா எதையாச்சும் கேளுங்க. என்னக் கேளுங்க அக்கா!"

உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை அசைந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். கரகரத்த குரல்தான். ஆனாலும் குரல்.

தண்ணீர் கொடுக்கக்கூடாத நேரம். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாயை மூடிய துணி நனையும்வரை அழுதேன். அவள் தனக்கென்று கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் விரலை வேறு பக்கமாக வளைத்து, எதையோ மெல்ல மெல்ல மேலே நெம்பினார். அது வெளியே வந்ததும் அக்கா ஒரு மூச்சு இழுத்தாள். அந்த அறையிலிருந்த காற்று முழுவதும் உள்ளே போவதுபோல் நீளமாக இருந்தது. அதில் விசில் இல்லை.

பீங்கான் தட்டில் அதை வைத்திருந்தார்கள். வாத்து முட்டையைவிடப் பெரிது. முண்டும் முடிச்சுமாக இருந்தது. பார்க்கவேண்டும் என்றாள். காட்டினேன். "இத்தன நாளா என் நெஞ்சுல ஏறி உக்காந்திருந்தது நீதானா" என்று, விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் போனபோது கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். எனக்குப் பகீரென்றது. அப்புறந்தான் குறட்டை கேட்டது. விழித்ததும், "படுத்தா சொப்பனம் இவ்வளோ நீளமா வருமா டிரசரம்மா?" என்றாள். கூரையைப் பார்த்தாள். அதில் ஒரு பல்லி. அதையே பார்த்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள். அவளை எழுப்ப மனமில்லாமல், மலையின் நிழல் வார்டுக்குள் வருகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் என்று என் கணவர் சொல்வார்.

கிட்டத்து நிரை கடைசியில் கிடைத்தது. மழைக்காலம் வரைக்கும் இழுத்தடித்து, கங்காணி தன் வாயாலேயே பெரட்டில் அறிவித்தார். ஆனால் எனக்கு மறக்காதது கிடைத்த நாள் அல்ல, கேட்ட நாள்.

அந்த ஆடியில் அக்கா கோயிலுக்கு முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் வெட்டுத் தழும்பு மாலை போட்டதுபோல் வளைந்திருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையில் ஆட்களின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கைகளைத் தூக்கினாள். தப்பு வேகமெடுத்தது. முகம் அப்படியே இருந்தது. "வா தாயே, எறங்கி வா!" என்றார்கள். தப்புக்காரர் அவள் காதோரம் வந்து அடித்தார். மூச்சு சாதாரணமாக வந்து போனது. முன்வரிசையில் நின்ற கங்காணி இடுப்பில் கட்டிய துண்டை மெதுவாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டால்கூட முகம் கொஞ்சம் சிவக்குமே, கண்ணை உருட்டினாலே போதுமே என்று எனக்குப் பதறியது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வேதக்காரி நான், அந்த ஆத்தா வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

அக்கா கைகளை இறக்கினாள். தப்பு தடுமாறி நின்றது.

"சாமி வரல கங்காணியாரே" என்றாள்.

ஓரடி முன்னால் வந்தாள்.

"நாந்தான் கேக்குறேன். பச்சை ஒடம்புக்காரிங்களுக்குக் கிட்டத்து நெரையக் குடுங்க."

கூச்சத்தில் அவள் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. கங்காணி சுற்றிலும் பார்த்தார். சிரித்தபடியே, "சாமி கேட்டா சரி. நீ யாரு புள்ளே கேக்குறதுக்கு?" என்றார்.

பதில் சொல்லவேண்டிய கேள்வி என்றே அக்கா அதை எடுத்துக்கொண்டாள். தன் பெயரைச் சொன்னாள். அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். தொண்டை கரகரத்ததால் பின்னாலிருந்த பெண்களுக்குக் கேட்கவில்லை. ஆகவே திரும்பி நின்று, அவர்களுக்காக இன்னொரு தரம் சொன்னாள்.